அரசாங்க மாப்பிள்ளை

அடிவயிறு எலுமிச்சம்பழ அளவில் புடைத்தபோதும் எனக்குக் கவலை வரவில்லை. குடலிறக்கம், நாள் கடத்தாமல் கெதியில் வெட்ட வேண்டும் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியார் ஆஸ்பத்திரி எனக்கு எட்டாது. ஆனால், ஓய்வூதியருக்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருக்கிறதே. அதற்கு யார் தகுதி என்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குடித் தேநீர்க் கடையில் விளக்குபவனே நான்தான். மீன் வியாபாரி றாஸிக்கிடம், "அது எங்களப்போல அரசாங்க ஆக்களுக்கு மட்டும்தான் மச்சான்" என்று சொல்லி, முதுகைத் தட்டி அனுதாபமும் தெரிவித்திருந்தேன்.

பிரதேச செயலகத்தில் மேனுஜா என்ற பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புப் பிள்ளை இருந்தாள்.

"சேர் எந்தத் திணைக்களம்?"

"கூட்டுறவுச் சங்கம். மெனேஜர்."

"அது அரசாங்க உத்தியோகம் இல்லையே சேர்."

"எனக்குப் பென்சன் வருது மகள்."

"அது கூட்டுறவுப் பென்சன். இது அரசாங்கத்தில ஓய்வு பெற்று, காசு கட்டி வாறவங்களுக்கு. அவங்கட கணவன், மனைவியும் சேரலாம். வீட்டில மிஸிஸ்?"

"ஓய்வு பெற்ற டீச்சர்."

"அவங்கட பென்சன்ல காப்புறுதிக்கு வெட்டுறாங்களா?"

ஊருக்கே விளக்கம் சொன்ன எனக்கு அது தெரியவில்லை.

"அப்ப அவங்களக் கூட்டிக்கொண்டு வாங்க."

அதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அதற்குள் கூட்டிவருவார்கள். அரசாங்க உத்தியோகம் என்றால் வீட்டுக்கு மாடியும் எழும்பும். மாமனார் மாடி எழுப்பினார். எந்தத் திணைக்களம் என்று அவர் கேட்கவில்லை. சங்கமும் அரசாங்கமும் ஒன்றென்றுதான் ஊரே நினைத்தது. ஊரை விட நான் அதிகம் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி ஜெமீலா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"அப்ப ஸப்னாட வாப்பா," என்று மகளின் பெயரை வைத்து என்னைக் கூப்பிட்டாள், "எங்கட வாப்பா மாடிய சும்மாவா கட்டினார்?"

"ஒண்ட பென்சன்ல வெட்டுறாங்களா, இல்லையா? அதச் சொல்லு."

"வெட்டுறாங்க. ஒங்களுக்குத்தான் அரசாங்கமே இருக்கே எண்டு சொல்லல்ல."

மறுநாள் மேனுஜா எங்களை அடுத்த மேசைக்கு அனுப்பினாள். அங்கிருந்த உத்தியோகத்தர் தலை நிமிராமல் கேட்டார்:

"டீச்சர், கணவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏதும் இருந்ததா? இருந்திருந்தா உங்கட காப்புறுதியில அவரச் சேர்க்க ஏலாது."

ஜெமீலா என்னைப் பார்த்தாள். ஓம் என்றால் மானம் தப்பும். இல்லை என்றால் குடல் தப்பும்.

"இல்ல தம்பி. கலியாணம் பேசக்குள்ள மட்டும் இருந்திச்சி."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உத்தியோகத்தர் முத்திரையைக் குத்தினார். நான் புடைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்காத அளவுக்குச் சிரித்தேன்.