போணிக்கு முன்னால் வந்தவர்

முத்திருளன், வெங்கடேஷ்பாபுவுக்கு எட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. சீட்டு இல்லை, சாட்சி இல்லை. வாங்கியது தொண்ணூற்று நாலில்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சமயநல்லூரிலிருந்து மூன்றாம் வகுப்போடு வந்து, கூடை சுமந்து, சிம்மக்கல்லில் மொத்தப் பழக்கடை வைத்தவர். மனக்கணக்கில் அவரை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. "ஒருத்தன் காசத் தொட்டதில்ல, எல்லாம் இந்தக் கை" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

உண்மையில் கடைக்கு முதல் கொடுத்தது பாபுதான். சௌராஷ்டிரக்காரர், சுங்குடிச் சேலை வியாபாரம். அப்போது மூன்று நாளாகத் தூக்கமில்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்தார். "அண்ணே, நீங்க பெரிய ஆளா வரணும்" என்று பணக்கட்டைத் திணித்துவிட்டுப் போனார். அந்த வேகத்தைக் கடைவீதி கைராசி என்றே நம்பியது. அன்றைய முதல் வியாபாரம் அவர் கையால் நடக்கட்டும் என்று போணிக்குப் போட்டி போட்டு அழைத்தார்கள். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர் ஏழு மாதம் எழுந்திருக்கவில்லை. சேலைக்கடை போயிற்று. மனம் மாறி மாறி ஏறி இறங்கும் நோய், மாத்திரையை விடக்கூடாது என்றார் டாக்டர். போணிக்கு அழைத்த அதே ஆட்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முத்திருளனும்தான்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் ஒரு காலை, போணி ஆகுமுன்பே பாபு கடை வாசலில் வந்து நின்றார்.

பக்கத்துக் கடை மருது சிரித்தான். "கிறுக்கு மொகத்துல முழிச்சாச்சா? அண்ணே, இன்னைக்கு ஒங்க ஏவாரம் வெளங்குனாப்லதான்!"

பாபு அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணே, பணம் கேக்க வரல. முன்ன ஒங்களுக்கு எட்டாயிரம் குடுத்த மாதிரி ஒரு நெனப்பு. அதுவும் சீக்குல வந்த கற்பனைன்னு என் வீட்டுக்காரி ஸ்வர்ணா சொல்றா. நான் குடுத்தேனா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

இல்லை என்று ஒரு சொல் போதும். பாபு நம்பிவிடுவார். அப்புறம் தன் புத்தியை எதற்கும் நம்பமாட்டார்.

முத்திருளன் எழுந்தார். "குடுத்தீக தம்பி. அந்தக் காசுலதான் இந்தக் கடையே."

கடைவீதி வாயைப் பிளந்தது. முத்திருளன் பழ லோடு எடுக்கப் பணம் வைத்திருந்த பெட்டியைத் திறந்தார்.

"அண்ணே, மொதக் காசு வாரதுக்கு முன்ன பெட்டியிலருந்து எடுக்காதீக!" என்று பதறினான் மருது.

"ஒஞ் சோலியப் பாருடா. தம்பி, கைய நீட்டுங்க."

மாத்திரையால் அந்தக் கை லேசாக நடுங்கியது. அடியில் தன் இடது கையைக் கொடுத்துத் தாங்கி, நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, மருதுவுக்கும் கேட்கும்படி உரக்க எண்ணி வைத்தார். எழுபதைத் தாண்டியதும் பாபுவும் கூடவே எண்ணத் தொடங்கினார்.