லிஃப்டக்காவின் புதிய ஆம்ப்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் லிஃப்டக்கா பொத்தானை அழுத்துவதில்லை. இடது உள்ளங்கையை முதலில் சுவரில் ஒட்டவைப்பார், கண்ணை மூடுவார், அதன் பிறகே வலது கை பொத்தானுக்குப் போகும். மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் கோளாறு தெரிந்துவிடும். "மூணாம் மாடிக்குக் கீழ லிஃப்ட் ஓடுற தண்டவாளம் எண்ணெ இல்லாமக் காஞ்சு கெடக்கு" என்பார். ஏறிப் பார்த்தால் அங்கேதான் காய்ந்து கிடக்கும். பதினெட்டு ஆண்டுகளாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். வயது நாற்பத்து நான்கு. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் லிஃப்டக்காதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படியேறியே போவார். கேட்டால், "லீவு நாள்லயும் அது மூஞ்சியில முழிக்கணுமா?"

அதே ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தரைத்தளத்தில் காலியாக இருக்கும் கிடங்கில், பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சுரங்களை எழுப்பும் பேஸ் கிட்டார் வாசிப்பார். இசைக்குழுவில் நால்வர். பாடுபவர் பல் டாக்டர். கீபோர்டு, கணக்கு வாத்தியார். டிரம்ஸ், லிஃப்டக்காவின் கொழுந்தன். பேக்கரியில் மாவு பிசைபவர், அடியும் அதே கணக்கில்தான் விழும். கிடங்குக்கு நேர் மேலே என் வீடு.

பேஸ் கிட்டாரின் நாதம் ஆம்ப் என்னும் பெட்டி வழியாகத்தான் வெளியே வரவேண்டும். லிஃப்டக்காவின் பெட்டி முப்பத்தொரு கிலோ. ஆறு ஆண்டுகளுக்கு முன் கடையில் ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, அதிகம் அதிர்ந்ததை வாங்கிவந்தார். அதன் மேல் இடுப்பைச் சாய்த்துக்கொண்டே வாசிப்பார். "அப்படியே ஒடம்புக்குள்ள போயிருது சார்!"

போனது அவர் உடம்புக்குள் மட்டும்தான். மாதக் கடைசியில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டியிருந்தது. மார்ச் இரண்டாம் தேதி ஒத்திகை முடிந்ததும் பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, நீங்க வாசிக்கிறது எங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குது. ரெண்டு வாரம் பாப்போம். இல்லேன்னா விழாவுல வாத்தியாரே எடது கையால பேஸையும் சேத்து வாசிச்சிரட்டும். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"பல்லப் புடுங்குறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் நைசா பேசுவீங்களோ?" என்றார் லிஃப்டக்கா. "கேக்க வைக்கிறேன் டாக்டர். எடத்த யாருக்கும் குடுத்துராதீங்க."

வாத்தியாரின் இடது கை அன்றைய ஒத்திகையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. அதை லிஃப்டக்காவும் கவனித்திருந்தார்.

மறுநாள் மாலை என் கதவைத் தட்டினார். "சார், மேல ஒங்களுக்கு எப்படிக் கேக்குது? மூடி மறைக்காம சொல்லுங்க."

"ஜன்னல் கண்ணாடி அதிருதும்மா. அலமாரியில தம்ளர் நகருது. என்ன பாட்டுன்னு மட்டும் தெரியல."

முகம் வாடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போய், கொழுந்தனை வரவழைத்துக் கிட்டாரை அவர் கையில் கொடுத்துத் தந்தியை மீட்டச் சொன்னார். தான் கிடங்கின் மறுகோடிக்கு, இருபத்திரண்டு அடி, நடந்துபோய் நின்றார். கைகள் பெட்டியைத் தொடமுடியாத தொலைவில் அந்த ஆம்பை அவர் கேட்டது அதுவே முதல் முறை.

"அடக் கொடுமையே, பக்கத்து வீட்ல மெத்தை தட்டுற மாதிரில்ல இருக்கு!"

"ஆறு வருஷமா அதத்தானே அண்ணி சொல்றேன்."

"நீ அடிக்கிற அடியில நீ சொன்னது எனக்கு எங்க கேட்டுச்சு?" என்றவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "லிஃப்டுக்குக் கை வச்சுப் பாக்குற வைத்தியத்த இதுக்கும் பாத்துட்டேன்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். கொழுந்தனையும், இன்னொரு காது வேண்டுமென்று என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டியை முடுக்கிவிட்டு, "கை வச்சுப் பாருங்க மேடம், எப்படி அதிருதுன்னு" என்றார்.

"கை வச்சுத்தான் ஒருவாட்டி ஏமாந்தாச்சு" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு கடையிலிருந்த டிரம்ஸைக் காட்டி, "தம்பி, ஒக்காந்து சாத்து" என்றார்.

கடைக்காரர் பதறினார். "டிரம்ஸ் எதுக்கு மேடம்? தனியாக் கேட்டாத்தானே தெளிவாத் தெரியும்?"

"நான் தனியா வாசிக்கிறவ இல்லைங்க."

நீளமான வயர் ஒன்றைக் கடைக்காரரிடம் வாங்கிக் கிட்டாரில் செருகிக்கொண்டு, பதினான்கு அடி தள்ளிப்போய், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று வாசித்தார். நான்கு பெட்டிகள். முதலாவதும் இரண்டாவதும் தனியே கேட்டபோது கம்பீரமாக இருந்தன. டிரம்ஸ் சேர்ந்ததும் இருந்த இடம் தெரியவில்லை. நான்காவது எல்லாவற்றையும் விழுங்கியது. மூன்றாவது, பதினேழு கிலோ, எல்லாவற்றிலும் சிறியது. தனியே கேட்டால் சளி பிடித்தவர் பேசுவதுபோல் இருந்தது. கொழுந்தன் மாவு பிசையத் தொடங்கியதும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது.

"இதா மேடம்? மூக்கால பாடுதே!" என்றார் கடைக்காரர்.

"பாடட்டும். கூட்டத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்கல்ல, அந்தக் கொரல் இது. கட்டிக் குடுங்க." மாற்றுக்கென்று வண்டியில் கொண்டுவந்திருந்த பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டார். புதியதை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

மார்ச் பதினாறு, ஞாயிறு, நான்கு மணி. டாக்டர் சொன்ன இரண்டு வாரம் அன்றோடு முடிகிறது. டாக்டர் முதல் பாட்டைத் தொடங்கினார். லிஃப்டக்கா பெட்டியிலிருந்து தள்ளியே நின்றார். இடுப்பு மட்டும் பழக்கத்தில் ஒருமுறை பின்னால் சாய்ந்தது, அங்கே ஒன்றுமில்லை, நிமிர்ந்துகொண்டார். முதல் சரணம் வரை வாத்தியாரின் இடது கையும் பேஸ் வாசித்தது. இரண்டாவது சரணத்தில் அது கட்டைகளை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்திலிருந்த டீ கிளாஸை எடுத்தது. வலது கை வாசித்துக்கொண்டிருக்க, வாத்தியார் நிதானமாக டீயைக் குடித்தார்.

கொழுந்தன் குச்சியாலேயே ஜாடை காட்டினார். லிஃப்டக்கா பார்த்தார். சிரிக்கவில்லை. தாளத்தை விடாமல் இரண்டடி பின்னால் போய், இடது விரல் அழுத்தத் தேவையில்லாத வெறும் தந்தியை வலது கை மீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இடது கையை நீட்டி, கேட்கவைத்தாயிற்று என்பதுபோல், பெட்டியின் ஒலி அளவுக் குமிழை ஒரு கோடு குறைத்தார்.