பாலையூற்றுக்குக் கொண்டுவந்த சவர மெசின்

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டிலிருந்து புறப்பட்டபோது பிற்பகல் மூன்று மணி. விமானம் இரவு ஒன்பதரைக்குத்தான். இவ்வளவு நேரத்தோடு போய் என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டு மேடம் கேட்டாள். எனக்கோ அந்த நேரமும் காணாது போலிருந்தது. நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஓர் அறிவித்தலை மற்றவர்கள் ஒரு பார்வையில் வாசித்துவிட்டுப் போவார்கள். நான் நின்று எழுத்துக் கூட்டி, விளங்கியதுதானா என்று இன்னொரு தரம் பயப்பட வேண்டும். அதற்கும் நேரம் வேண்டுமே.

பயம் முழுக்க என் பெட்டியைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவள் பெண்களுக்குச் சீலையும் வாசனைச் சவர்க்காரமும், ஆண்களுக்குச் சேவிங் செற்றும் கொண்டுவராவிட்டால் இரண்டு வருசம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஆகவே என் பெட்டியில் பதினொரு றேசர், ஆறு பெட்டி பிளேட், நுரை வருகிற தகரப் போத்தல் ஐந்து. இவைபோக ஒன்பது தினாருக்கு வாங்கிய மின்சார சவர மெசின் ஒன்று. அது என் கணவர் செபமாலைக்கு.

மற்றச் சாமான்கள் முறைக்கு வாங்கியவை. மெசின் அப்படியல்ல. செபமாலை மீன் பிடித்தவர். வெடி போட்டுப் பிடிக்கப் போன ஒருநாள் வலது கை மணிக்கட்டோடு போனது. இடது கையில் பெருவிரலும் சின்னவிரலும்தான் மிச்சம். கரண்டி பிடிப்பார், படலை திறப்பார். றேசர் பிடிக்க ஏலாது. சலூனுக்கும் போக மாட்டார். அங்கே இருக்கிறவர்கள் கையைப் பார்த்துக் கதை கேட்பார்கள் என்று. நான் வெளிநாடு போகும்வரை நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுவேனோ என்று பயந்து பயந்துதான் வழிப்பேன். மெசின் என்றால் நான் வழிக்கும்போது வெட்டாது என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன்.

எனக்குக் கிடைத்தது ஆறு கிழமை லீவு. திரும்பிப் போகிற ரிக்கற்றும் கையில் இருந்தது. ஆனால் திரும்பிப் போவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். இந்த மனுசனுக்கு யார் சவரம் செய்துவிடுவது என்பதுதான் நான் வைத்திருந்த காரணம். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. களைத்துப் போனேன் என்று சொல்லி நிற்க முடியுமா?

விமான நிலையத்தில் கிண்ணியா பாத்திமாத் தாத்தா சேர்ந்துகொண்டா. அங்கே முஸ்லிம் ஆக்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். நாலாம் தரம் வந்து போகிறவ. தகரப் போத்தல் மேலே போனதும் வெடிக்கும் என்று யாரோ சொன்னதை அவவிடம் சொன்னேன். தரையில் குந்தியிருந்து என் பெட்டியைத் திறந்து பார்த்தா.

"ஒண்ட மாப்புள்ளைக்கு ஒரு மூஞ்சிதானே புள்ள? கடையே கட்டிக்கொண்டு போறாய்."

பிறகு அவ சொல்லித் தந்ததைப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பிளேட்டும் றேசரும் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் ஒன்றும் இருக்கக் கூடாது. நுரைப் போத்தலும் பெரிய பெட்டிக்குள்தான். மூடி இறுக்கமாக இருந்தால் வெடிக்காது. பற்றரி உள்ள மெசின் கைப்பையில். நான் அப்படியே நேர்மாறாக வைத்திருந்தேன். தராசு முப்பத்தொரு கிலோ காட்டியது. எனக்கு முப்பதுதான் விட்டிருந்தார்கள். இரண்டு போத்தலை அங்கேயே விட்டேன்.

சோதனையில் கைப்பையை நிறுத்தினார்கள். மெசினை எடுத்து, போட்டுக் காட்டச் சொன்னான் அந்த அதிகாரி. எனக்கு எது சுவிச் என்று தெரியாது. பெட்டியைப் பிரித்தால் புதுசு கெட்டுவிடும் என்று பிரிக்காமலே வைத்திருந்தேன். வரிசை பின்னால் நீண்டுகொண்டு போனது. கடைசியில் அவனே அமத்தினான். அது கிர்ரென்று கத்தியது. அவன் சிரித்துத் தன் தாடையில் ஒருக்கா வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தான்.

காலை ஐந்தரைக்குக் கட்டுநாயக்க விமான நிலையம். ஏழு மணிக்கு வாடகை வான். பாத்திமாத் தாத்தாவோடு நாலு பேர் சேர்ந்து பிடித்தோம், ஆளுக்கு ஏழாயிரம் ரூபா. திருகோணமலை ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீற்றர் என்றான் சாரதி, கந்தளாய்ப் பொடியன். குருநாகலில் நிறுத்தி ரொட்டியும் பிளேன்ரீயும். ஹபறணை கடந்து காட்டுக்குள் யானை ஒன்று ரோட்டோரம் நின்றதால் இருபது நிமிசம் மறியல். அந்த இருபது நிமிசமும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்த ஏழெட்டு மாதமாக என் கணவர் வீடியோவில் வரவில்லை. வரச் சொன்னால் வெளிச்சம் காணாது என்பார். தாடி நெஞ்சுவரை வளர்ந்து, வெட்கத்தில் ஒளிக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு அழைப்பிலும் தாடியைப் பற்றித்தான் கேட்பேன்.

பாத்திமாத் தாத்தாவிடம் மட்டும் என் முடிவைச் சொல்லியிருந்தேன். தம்பலகாமம் சந்தியில் அவவுடைய மருமகன் ஆட்டோவோடு நின்றார். இறங்கும்போது என் கன்னத்தைப் பிடித்தா. "வாயத் தொறந்து சொல்லிரு புள்ள. வெச்சிக்கொண்டு இரிக்காத."

வயலில் உழவு மெசின்கள் சேற்றோடு நின்றன. சீனன்குடா வந்ததும் எண்ணெய்த் தாங்கிகள், விமானப்படைக் கம்பிவேலி, கோதுமை மா ஆலையடியில் ஒரு கப்பல். இரண்டு வருசத்துக்கு முன் போனபோதும் அங்கே ஒரு கப்பல் நின்றது. எனக்கு ஒருக்காலும் வராத இடத்துக்கு வந்தது போலவும் இருந்தது, போகாமலே இருந்தது போலவும் இருந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்து, "எனக்கு ஒரு சேவிங் கிறீமும் இல்லையா அக்கா?" என்றான். ஒரு றேசர் கொடுத்தேன்.

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை ஒரு ஒடுக்கமான பாதை, துறைமுகத்தண்ணியைப் பார்த்து இறங்கும். ஒன்றேகாலுக்குப் படலையடியில் வான் நின்றது. இவர் வந்தார். முகம் மழமழவென்று இருந்தது.

நான் பெட்டியைக்கூட இறக்கவில்லை. தாடையோரத்திலும் காதுக்குக் கீழேயும் வெள்ளையாகச் சின்னச்சின்னத் தழும்புகள். மற்றப்படி கலியாணத்துக்கு வெளிக்கிட்ட முகம்போல.

"ஆர் வழிச்சது?" என்றேன்.

"வழிச்சுக் கிடக்குத்தானே. வா, சோறு ஆறப்போகுது."

யாரோ ஒரு பெண் வந்து போகிறாள் என்றே மனம் சொன்னது. குசினியில் கோப்பைகள் எத்தனை என்று பார்த்தேன். கொடியில் யாருடைய துணி என்று பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஆனால் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிணற்றடியிலிருந்து வந்தபோது பின்னறை ஜன்னலடியில் இவர் நின்றார். ஜன்னல் கம்பியில் ஒரு றேசர், கூர் உள்ளுக்குப் பார்க்க, வலைநூலால் வரிந்து கட்டியிருந்தது. முடிச்சைப் பல்லால் இறுக்கியிருக்க வேண்டும். முகத்தில் சவர்க்கார நுரை. றேசர் அசையாமல் நிற்க, இவர் கன்னத்தை அதிலே வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். பிறகு முழங்காலை மடித்து நாடியைக் கொண்டுபோனார். தலையைச் சரித்துக் காதடி. மாடு மரத்தில் உரஞ்சுகிற மாதிரி என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பிறகு அழுதேன். வெளியே துறைமுகத்தண்ணி ஈயம்போலக் கிடந்தது.

என்னைக் கண்டதும் சிரித்தார். "முதல் ரெண்டு மாசம் ஒரே வெட்டு. பூனை பிறாண்டின மூஞ்சி. அதுதான் வீடியோவில வரேல்ல. பிறகு நீ வந்தே பாக்கட்டும் எண்டு விட்டனான்."

"ஏன் இப்பிடி?"

"நீதானே கதைக்கேக்குள்ள எல்லாம் தாடி, தாடி எண்டு கேட்டனீ. நான் இஞ்ச இருக்க நீ அங்க கிடந்து யோசிக்கிறாய். அதுக்காகத்தான் பழகினனான். இனி நீ ஒண்டுக்கும் யோசிக்காமப் போகலாம்."

அவர் அதைச் சொன்ன விதத்தை என்ன சொல்ல. பரிசு கொடுக்கிறவர்போல நின்றார், முகம் முழுக்கச் சவர்க்காரத்தோடு. எனக்கிருந்த ஒரே காரணத்தை இரத்தம் சிந்திச் சிந்தி அவர் இல்லாமலாக்கியிருந்தார். எனக்காக. நான் "ஓம்" என்றேன்.

மெசினை மூன்றாம் நாள் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். தன்னுடைய வேலை நடக்குதுதானே என்றார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, இன்னும் இரண்டு வருசம் என்றால் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போடலாம் என்றார். அப்போது சொல்ல நினைத்தேன். ஒழுங்கை முடிந்து படலை வந்துவிட்டது. பாத்திமாத் தாத்தா போனில் கேட்டபோதெல்லாம் நாளைக்குச் சொல்லுவேன் என்றேன். ஆறு கிழமை என்பது நாற்பத்திரண்டு நாள். பிறகு வந்த காலையெல்லாம் நான் எழும்ப முன் அவர் ஜன்னலடியில் நின்று முடித்துவிடுவார்.

கடைசிக் காலை வான் எட்டு மணிக்கு. நான் ஐந்துக்கே எழும்பி, றேசரைக் கம்பியிலிருந்து அவிழ்த்து வைத்துக்கொண்டு, பெட்டியும் கட்டி முடித்து, ஏழு மணிக்குக் கதிரையை வாசலில் போட்டேன்.

"இண்டைக்கு ஒரு நாளைக்கு நான் வழிச்சுவிடட்டோ?"

யோசித்தார். பிறகு வந்து இருந்து முகத்தை நிமிர்த்தினார். சவர்க்காரம் பூசினேன். இடது கன்னம் ஒருமாதிரி முடிந்தது. வலப்பக்கம் நான் றேசரைக் கீழே இழுக்க, அவர் முகத்தை மேலே இழுத்தார். தாடையில் சிவப்பாக ஒரு கோடு.

"ஆடாதேங்கோ."

"நான் ஆடேல்லயே."

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பிளேட் முகத்தில் பட்டால் முகம் தன்பாட்டில் போகிறது. எட்டு மாதம் அப்படித்தான் பழகியிருக்கிறது. இன்னொரு தரம் வைத்தேன்; இன்னொரு கோடு. அவர் எழும்பி றேசரைப் பல்லால் கவ்விக்கொண்டார். உள்ளே போய்க் கம்பியில் வைத்துக் கட்டினார்.

நான் முகம் கழுவிச் சீலை உடுத்தினேன். பெட்டி இம்முறை பதினாலு கிலோதான். இங்கிருந்து அங்கே கொண்டுபோக என்ன இருக்கிறது. ஒழுங்கை முனையில் வான் வந்து ஹோர்ன் அடித்தது. எட்டுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

இவர் ஜன்னலடியில் நின்று மற்றப் பாதி முகத்தை வழித்துக்கொண்டிருந்தார். காதடிக்கு வந்திருந்தார், அந்த இடம்தான் கஷ்டமான இடம். வாசலில் நின்று பார்த்தேன். போகிறேன் என்று சொல்ல வேண்டும், போக விருப்பமில்லை என்றும் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பார். திரும்பினால் வெட்டும்.

ஆனபடியால் ஒன்றும் சொல்லாமல், சத்தம் வராமல் படலையைச் சாத்திவிட்டு வந்து வானில் ஏறினேன்.