மணியடிக்கும் சிறுமியும் கைப்பிடி அரிசியும்

1966 நவம்பர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்குப் பெரியம்மாவின் மஞ்சள் துணிப்பையைப் பின்தொடரத் தொடங்கினேன். தாராவியில் எங்கள் சந்து முழுவதும் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை மாலை பெரியம்மா வீடு வீடாகச் சென்று அதை வாங்கிக்கொள்வார். ஞாயிறு ஆராதனையில் காணிக்கையாக வைப்பார். பெரியப்பா இறந்தபின் சந்தில் பெரியம்மாவுக்கிருந்த மதிப்பெல்லாம் அந்தப் பையினால் வந்தது. அவ்வருடம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து பை கோயிலுக்கு வரவில்லை.

நான் இதைக் கவனித்ததற்கு ஒரு நாவல் காரணம். மாதுங்காவில் பழைய புத்தகக் கடையிலிருந்து அப்பா வாங்கிவந்த, சிறுவர்களுக்கான ஆங்கில நாவல். அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. வருங்காலத்து நகரம் ஒன்றில் எல்லோருக்கும் ஒரே அளவு உணவு. பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு மணி. எந்த வீட்டிலிருந்தாவது அளவுக்கு மீறிய சமையல் மணம் வந்தால், வாசலில் நின்று மணியை அடிக்க வேண்டும். மறுநாள் அந்த வீடு காலியாக இருக்கும். கதாநாயகிக்கு அப்போதைய என் வயது, பதின்மூன்று. ஒரு மாலை அவள் பின்பற்றிச் சென்ற மணம் அவளுடைய வீட்டு வாசலிலேயே முடிகிறது. அவள் கை மணியைத் தொடுகிறது. அதற்குமேல் பக்கங்கள் இல்லை.

ரேஷன் காலத்தில் எங்கள் சந்தும் அப்படித்தான் மூக்கால் வாழ்ந்தது. எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் எதிர்வீட்டு அக்கா. "காணிக்க அரிசி கால் மொளச்சு எங்க போவுதாம்? பிளாக்குல கிலோ என்ன வெலன்னு அவளக் கேளுங்க!" என்பார். குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள். ரேஷன் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பாள் ஒருத்தி. பெரியம்மா பதில் பேசாமல் குடத்தை நிரப்புவார். அந்த மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகவே நான் வாசித்தேன்.

அன்று மாலை, கடைசி வீட்டு அரிசியை வாங்கியதும் பெரியம்மா சாக்கடை ஓரமாகச் சுற்றி எதிர்வீட்டின் பின்புறம் நுழைந்தார். நான் தகரத் தடுப்புக்கு வெளியே நின்றேன். பானையில் அரிசி விழும் ஓசை கேட்டது.

"வாய் கூசுதுக்கா," என்றது எதிர்வீட்டு அக்காவின் குரல். "ஒங்க கையால வாங்கித் தின்னுட்டு ஒங்களையே ஏச..."

"கூசட்டும். நீ ஏசுனாத்தான் ஒருத்தியும் ஒம் பானைய எட்டிப்பாக்க மாட்டா."

"அவருக்கு வேல போனதும், ரேஷன் கார்ட அடகு வச்சதும் வெளிய தெரிஞ்சா உசுர விட்டுருவாருக்கா. ஆனா இன்ஸ்பெக்டர் ஒங்க வீட்டுக்கு வந்தா?"

"வரட்டும். ரெண்டு எலி இருக்கு, புடிச்சிட்டுப் போகட்டும். நாளைக்கு இன்னும் சத்தமா ஏசுட்டி. நேத்து நீ ஏசுனது எனக்கே காதுல விழல."

அக்கா சிரிக்கத் தொடங்கி அழுதார்.

இப்போது நான் இலக்கிய மாணவி. சென்ற வாரம் கல்லூரி நூலகத்தில் அந்த நாவலின் முழுப் பிரதி கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிறுமி தன் வீட்டு வாசலிலேயே மணியை அடிக்கிறாள். எழுதியவருக்கு மணி என்றால் காட்டிக்கொடுப்பது மட்டுமே. ஒரு வீட்டைக் காப்பதற்காக இன்னொரு வீட்டு வாசலில் அதை அடிக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கோ அந்த மாலைக்குப் பிறகு சந்தேகம் குறையவில்லை, திசைதான் மாறியது. யாராவது ஒருவரை உரக்க ஏசினால், இன்றும் ஏசுபவரின் பானையைத்தான் நினைக்கிறேன்.

அரிசி விழும் ஓசையைக் கேட்ட அந்த மாலைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் அக்கா ஏசத் தொடங்கினார். முந்தைய நாளின் அழுகையில் குரல் கட்டியிருந்தது, பாதியில் நின்றுவிட்டது. பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பார்வையை அகற்றவேயில்லை. அதுவரை குழாயடியில் வாய் திறந்தறியாத நான் கேட்டேன்:

"பெரியம்மா, அந்த அரிசியெல்லாம் எங்க போவுது?"

எல்லா முகங்களும் அக்காவை விட்டுப் பெரியம்மாவின் பக்கம் திரும்பின. அவர் குடத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காலியான மஞ்சள் பை அவர் இடுப்பில் செருகியிருந்தது.