சித்தப்பா கடலுக்குள் போன நாடகம்

என் சித்தப்பா பெண் வேடம் கட்டினால் ஊரில் ஆண்களே எழுந்து இடம் விடுவார்களாம். இதை அவரேதான் சொல்லுவார். மறுத்துப் பேச எங்கள் ஊரிலிருந்து வேறு ஒருவரும் அப்போது லண்டனின் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. அப்பாவும் சித்தப்பாவும் நானும் அன்ரி என்று நாங்கள் கூப்பிட்ட ஓர் ஐரிஷ் பெண்மணியின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா கைக்குழந்தையான தம்பியோடு மன்னாரில் விசாவுக்காகக் காத்திருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் ஷிப்டுக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்வது அன்ரிதான். அப்படியொரு மாலையில் அவர் ஒரு கதை சொன்னார். கடல்நாய் ஒன்று தோலைக் கழற்றிவைத்துப் பெண்ணாகிறது. மீனவன் ஒருவன் தோலை ஒளித்துவிட்டு அவளை மணக்கிறான். பல வருடம் கழித்து அவர்களின் மகள் தோலைக் கண்டெடுத்துத் தாயிடம் கொடுக்கிறாள். தாய் அதைப் போர்த்துக்கொண்டு கடலுக்குள் போகிறாள். திரும்பி வருவதேயில்லை.

அதை நான் சித்தப்பாவிடம் ஒப்புவித்தேன். பங்குத் திருநாளுக்குத் தமிழர்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில் பங்குச் சுவாமி கேட்டிருந்த நேரம். சித்தப்பா பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்தபடியே அதை நாட்டுக்கூத்தாக எழுதி முடித்துவிட்டார்.

கதாநாயகியின் பெயர்தான் முதல் தடங்கல். கடல்நாய் எங்கள் பக்கத்தில் கிடையாது, கடற்பன்றிதான் உண்டு. ஒத்திகைக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் நாயும் வேண்டாம் பன்றியும் வேண்டாம் என்று அவளைக் கடலரசி ஆக்கினார்கள். அரசி என்றால் தன் பெருமையைப் பாடிக்கொண்டுதானே சபைக்கு வர வேண்டும்? அன்ரியின் கதையில் வாயே திறக்காத பெண், எங்கள் கூத்தில் கரையேறுவதற்கே பத்து நிமிடம் பாடினாள். அன்ரி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். முடிவை மட்டும் மாற்ற வேண்டாம், அது தன் தாய் சொன்னபடியே இருக்கட்டும் என்றார். சித்தப்பா நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். தோலுக்காக அன்ரி தன்னுடைய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைத் தந்தார். அரசி வேடம் சித்தப்பாவுக்கு, மகள் வேடம் எனக்கு.

திருநாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. சேலையும் கொண்டையுமாகச் சித்தப்பா உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தார். நான் கோட்டைக் கண்டெடுக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அம்மா போய்விடுவார். கோட்டை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மத்தளக்காரர் அதே அடியை மூன்று தரம் அடித்துவிட்டு ஓய்ந்தார்.

"தா பிள்ளை, சனம் பாக்குது" என்றார் சித்தப்பா மெதுவாக.

"ஏலாது. திரும்பி வருவன் எண்டு சொல்லுங்கோ."

சித்தப்பா முன்வரிசையில் இருந்த அன்ரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் முன்னால் முழங்காலில் நின்று, கூத்து எழுதிய கொப்பியில் இல்லாத வரி ஒன்றைப் பாடினார். "கடல் வற்றிப் போனாலும் வருவேன் மகளே, கதவைத் திறந்து வை." இரண்டாம் தரம் பாடும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பில் மன்னன்தான் என்று நினைத்துக்கொண்டு கோட்டைக் கொடுத்தேன்.

மங்களம் பாடி முடிந்ததும் சித்தப்பா வேடத்தைக் கலைக்காமலே அன்ரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அன்ரி அவரைப் பேச விடவில்லை. கோட்டை வாங்கி என் தோளில் போர்த்து, மேலே இருந்து கீழ்வரை எல்லாப் பொத்தான்களையும் பூட்டிவிட்டார்.

அம்மா வந்து சேர இன்னும் நான்கு வருடம் பிடித்தது. அதன் பிறகுதான் அப்பா சொன்னார்: அம்மாவுக்கு விசா இல்லை என்ற கடிதம் அந்தத் திருநாள் காலையில்தான் வந்ததாம். ஆங்கிலம் சரியாக விளங்க வேண்டும் என்று அப்பாவும் சித்தப்பாவும் அதை அன்ரியிடம் காட்டியிருக்கிறார்கள். கூத்து முடியும் வரை பிள்ளைக்குச் சொல்வதில்லை என்று மூன்று பேருமாக முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த நான்கு வருடமும் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதியவர் சித்தப்பா. பிழை திருத்தியவர் அன்ரி. இருவருக்கும் நான் பட்ட கடன் இந்தப் பிறவியில் தீராது.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தப்பா பாட்டை மறந்துபோய் நின்றார், நான்தான் அடியெடுத்துக் கொடுத்துக் கூத்தைக் காப்பாற்றினேன் என்று, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையடித்தபடி வந்தேன்.