காக்கை ரொட்டி குடியேறிய வீடு

எகிப்தில் எங்கள் மன்ஸூரா பக்கத்தில் பையன் பிறந்ததுமே அப்பன் மொட்டை மாடியில் தூணுக்குக் கம்பி விட்டு வைத்துவிடுவான். அவனுக்கென்று அங்கே ஒரு வீடு எழும்ப வேண்டும். இல்லையேல் பெண் கிடைக்காது. என் அக்கா புருஷன் பயூமியும் மகன் வஹீதுக்காகக் கட்டினார். வஹீத் ஆசைப்பட்ட நீல ஓடுகளைக் குளியலறையில் பதித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து யாரோ அவரைக் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பியது வேறு ஆள்.

கல்யாண வீட்டுக்குள் வைக்கோல் ஏறியது. நறுக்கி, ஊறவைத்து, பீப்பாயில் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு ஆறவிட்டு, வைக்கோல் ஓர் அடுக்கு, விதை ஓர் அடுக்கு என்று பைகளில் அடைத்துத் தொங்கவிட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அக்காவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தறியாத மனுஷர், பைகளுக்கு வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தார். சாப்பாட்டுக்கே கை கழுவாதவர், மாடி ஏறுமுன் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். பச்சைப் பூஞ்சணம் வந்தால் எல்லாம் போச்சாம்.

பைகள் வெளுத்து மொட்டுக் கட்டிய சமயத்தில், வஹீதுக்குப் பேசிய பெண்ணின் தாய் ஹாஜ்ஜா ரவியா வீடு பார்க்க வந்தாள். நானும் கூடப் போனேன்.

"செருப்பை வெளிய விடுங்க சம்பந்தியம்மா. கையில இதைத் தேச்சுக்குங்க," என்று பயூமி ஸ்பிரிட் புட்டியை நீட்டினார்.

"ஏன், உள்ள ஆப்பரேஷன் ஏதும் நடக்குதா?" என்றபடி நுழைந்தவள் அண்ணாந்து பார்த்தாள். "இதென்ன தொங்குது?"

கெய்ரோக்காரர்களைப் போல 'மஷ்ரூம்' என்று சொல்லும்படி அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனுஷர் பெருமையில் காளானுக்கு எங்கள் ஊரில் வழங்கும் பேரையே சொன்னார்.

"காக்கை ரொட்டி!"

கல்யாணப் பேச்சில் காக்காய் பேரை எடுத்தாலே பிரிவு வரும் என்று நடுங்குகிற ஊர் இது. ஹாஜ்ஜா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு வாழப்போற வீட்ல காக்காயைக் குடிவெச்சிருக்கியே, நல்லா இருப்பியா!"

"பேருதாம்மா காக்கா. ருசி கறி மாதிரி."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அம்புட்டும் எறங்கணும். எம் பொண்ணா, ஒன் காக்கா ரொட்டியா? இப்பவே சொல்லு."

கூட நின்ற வஹீத் அப்பாவைப் பார்த்தான். அப்பா மொட்டுகளைப் பார்த்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் யோசித்தார்.

"மொத அறுப்பு மட்டும் முடியட்டுமே..."

வஹீத் விடுவிடுவென்று படியிறங்கிப் போனான்.

கல்யாணம் நடக்காமல் இல்லை, நடந்தது. குடித்தனம் ஹாஜ்ஜா வீட்டு மாடியில். வீட்டோடு மாப்பிள்ளை! எங்களுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறில்லை. காக்காய் ஜோடியைப் பிரிக்கவில்லை. அப்பனையும் பிள்ளையையும் பிரித்துவிட்டது. பயூமியோ கூடத்திலும் பை கட்டினார்.

போன பெருநாளுக்கு வஹீத் வந்தான். நேரே மாடியேறி நிலைப்படியில் நின்று, தன் நீல ஓடுகளை எட்டிப் பார்த்தான். பயூமிக்குக் கண் கலங்கிவிட்டது. மகனைக் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கையில் ஸ்பிரிட் புட்டி.

"வா ராசா," என்றார். "செருப்பை வெளிய விட்டுட்டு வா."