நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள், சேர்?

றுகையாவை எங்கள் வளாகத்தில் பலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையாக எழுதுவேன் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

கல்முனை பிரதான வீதியில், கீழே புடவைக் கடையும் மேலே வகுப்பறைகளுமாக இருக்கிற தனியார் பட்டப்படிப்பு வளாகம் எங்களுடையது. நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன், அவர் சமூகவியல். அவருடைய ஊர் மருதமுனை. வாப்பா ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். றுகையாவின் தொண்டை அங்கிருந்துதான் வந்தது என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் கோபப்பட மாட்டார். கோபத்தை வேலைக்கென்று சேர்த்து வைத்திருப்பவர்.

மாணவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதத் தொடங்கியபோது நிர்வாகம் அதை அடியோடு தடைசெய்தது. றுகையாவோ தன் வகுப்பில் எல்லோரையும் போனை எடுக்கச் சொன்னார். அவரவர் ஊரைப் பற்றி அதனிடம் கேட்க வேண்டும். ஒருத்தியின் ஊரான, எங்கள் கிழக்குக் கரையோரத் தம்பிலுவிலை அது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. வகுப்பே சிரித்தது.

"சிரிச்சது போதும். உங்கட ஊர் எண்டதால சிரிச்சீங்க. தெரியாத ஊரா இருந்தா அப்பிடியே எழுதித் தந்திருப்பீங்கதானே?"

அதன் பிறகு அவர் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. அந்த உதவியை யாரும் பெறலாம். ஆனால் என்ன கேட்டோம், எதை எடுத்தோம், எதைப் பிழையென்று விட்டோம் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்ல வேண்டும். "உதவி கேக்கிறது களவில்ல, மறைக்கிறதுதான் களவு" என்பார்.

போன வருடம் நிர்வாகம் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. கட்டுரையைப் போட்டால், அது மனிதர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று சதவீதம் சொல்லுமாம். புள்ளிவிபரம் படிப்பிக்கிற என்னை யாராவது கேட்டிருந்தால், அந்தச் சதவீதத்தை நம்பி ஒரு கோழியைக்கூடத் தண்டிக்க முடியாது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அதில் முதலில் மாட்டியவள் நதீரா, றுகையாவின் இறுதி வருட மாணவி. பொத்துவிலிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு வீடு யாருடையது என்பது அவளுடைய ஆய்வு. தமிழில் எழுதி, ஆங்கிலத்தை மட்டும் இயந்திரத்தைக் கொண்டு திருத்தியிருந்தாள். அதைக் கடைசிப் பக்கத்தில் சொல்லியும் இருந்தாள். மென்பொருள் எண்பத்தொரு சதவீதம் என்றது. ஆய்வைத் தள்ளிவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை.

விசாரணைக்குத் துறைத் தலைவர் மசூர் சேரும் இரண்டு விரிவுரையாளர்களும் உட்கார்ந்தார்கள். குறிப்பெழுத நான். மேற்பார்வையாளர் என்ற முறையில் றுகையா, அது இயந்திரம் எழுதியதென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டியதுதான் மிச்சம்.

"போடுங்க மிஸ். மெஷினே சொல்லுது" என்றார் மசூர் சேர்.

"மெஷின் சொல்லுறதை அப்பிடியே நம்ப வேணாம் எண்டு புள்ளைகளுக்குப் படிப்பிச்சுப்போட்டு, மெஷின் சொல்லுதெண்டு நான் கையெழுத்துப் போடவா? ஏலா சேர்."

"உங்கட ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இரிக்கா?"

"இரிக்கி. நீங்க இப்ப சொன்னதையும் நளீம் சேர் குறிப்பில எழுதட்டும்."

எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோசமாக எழுதினேன்.

றுகையா பையிலிருந்து இன்னொரு ஆய்வை எடுத்தார். சாய்ந்தமருது மாணவன் றமீஸ் எழுதியது. மென்பொருள் சுத்தம் என்று சொல்லி, மசூர் சேர் மேடையில் பாராட்டிய ஆய்வு. ஒரு பந்தியை எங்களுக்குத் தமிழாக்கி வாசித்தார்: இந்தக் கரையோர முஸ்லிம் பெண் கலியாணமானதும் பிறந்த வீட்டை விட்டுக் கண்ணீரோடு கணவன் வீட்டுக்குப் போகிறாளாம்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க எந்த வீட்டுல இரிக்கிறீங்க, சேர்?"

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். மசூர் சேர் அக்கரைப்பற்றில் பிறந்து, கல்முனைக்குடியில் மனைவி வீட்டில் இருக்கிறார். மற்ற இருவரும் அப்படித்தான். என் மாமியார் கட்டித்தந்த சோற்றுப் பார்சல் என் காலடியில் இருந்தது.

றமீஸைக் கூப்பிட்டார்கள்.

"உங்கட லாத்தா கலியாணம் முடிச்சாதானே?" என்று அவனுடைய அக்காவைப் பற்றிக் கேட்டார் றுகையா.

"ஓம் மிஸ்."

"இப்ப எங்க இரிக்கா?"

"எங்கட வீட்டுலதான்."

"மச்சான்?"

"அவரும்தான். நாங்க பின்னுக்குச் சின்ன வீடொண்டு கட்டி மாறிட்டம்."

"அப்ப இதை ஆர் எழுதின?"

றமீஸ் அந்தப் பந்தியைப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை வாசிக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மசூர் சேர் மேசையில் தட்டினார். "இவனைத்தான் துரத்தணும்!"

"அதுக்கும் விடமாட்டன்" என்றார் றுகையா. "மறைச்சது குத்தம். கூடவே இருக்கிற லாத்தாட்ட ஒரு வார்த்தை கேக்காதது அதைவிடப் பெரிய குத்தம். வீடு வீடாப் போய்க் கேட்டு, திரும்ப எழுதட்டும். இப்ப நதீராவைக் கூப்பிடுங்க. அவள் எழுதினதா இல்லையா எண்டு அவளோட கதைச்சுப் பாருங்க."

நதீரா வந்து நின்றாள். மசூர் சேர் எரிச்சலோடு கேட்டார்: "தலாக் ஆனா வீடு ஆருக்கு?"

"பொம்புளைக்குத்தான் சேர். அவர்தான் வெளிய போகணும். நான் கதைச்ச ஒரு லாத்தா சொன்னா, புருசன் போகக்குள்ள ஒரு குடையை மட்டும் குடுத்தாவாம். மழை பெஞ்சதால குடுத்ததாம், இல்லாட்டி அதையும் குடுத்திருக்க மாட்டாவாம்."

மற்ற இரு விரிவுரையாளர்களும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். மசூர் சேர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியோடு நிற்கவும் அவரால் முடியவில்லை. நதீரா ஒவ்வொன்றுக்கும் வீடுகளின் கதையாகவே பதில் சொன்னாள். ஆய்வு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

றுகையாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டு நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. மருதமுனையில் அவர் பேரில் இருக்கிற வீட்டின் முன் ஹோலிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டார். எந்த வளாகத்துப் பிள்ளையும் வரலாம், போனோடு வரலாம், பொய்யோடு வரக்கூடாது. கணவர் பிள்ளைகள் உட்காரக் கதிரை அடுக்குகிறார். சனிக்கிழமைகளில் நானும் போய்ச் சதவீதங்களை எப்படிச் சந்தேகப்படுவது என்று படிப்பிக்கிறேன். பட்டம் கிடைத்த செய்தியோடு நதீராவும், திருத்தி எழுதிய ஆய்வோடு றமீஸும் அங்கேதான் வந்தார்கள்.

போன சனிக்கிழமை ஓட்டோவில் ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மசூர் சேரின் மனைவி சபூறா. றுகையா கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"சேருக்குத் தெரியுமா?"

"தெரியும். அனுப்ப வேணாம் எண்டுதான் சொன்னார்" என்றார் சபூறா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இது என்ட வீடு, இங்க நான் சொல்லுறதுதான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."